ஏறாதவளுக்கு அடித்த மணி

போன சனிக்கிழமையிலிருந்து எனக்குத் தேநீர் இறங்கவில்லை. நான் ஒரு நாளைக்கு ஆறு கோப்பை குடிக்கிறவன். சுவிஸில், பேர்ண் நகரத்தில் நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சமையலறையில் என் கோப்பையை யாரும் தொட மாட்டார்கள், அவ்வளவு கறை. இன்று காலையும் பழக்கதோஷத்தில் சுடுதண்ணீரை ஊற்றிவிட்டேன். ஆவியோடு அந்த வாசனை மேலே வந்ததும் அப்படியே கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். பக்கத்தில் காரட் வெட்டிக்கொண்டிருந்த போர்த்துக்கேயப் பெண்மணி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, கோபம் என்று டொய்ச்சில், இந்த ஊர் ஜெர்மன் மொழியில், சொன்னேன். யார் மேல் என்று கேட்டாள். அதற்கு என்னிடம் உள்ள டொய்ச் போதாது.

சனிக்கிழமை லுசேர்ணில் ஒரு தேவாலய மண்டபத்தில் காகிதக் கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். கோப்பையில் ஒரு மலையின் படம். கூர்நுனியும் சரிந்த தோள்களுமாக, பார்த்த கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சிவனொளிபாத மலை. பௌத்தர்களுக்கு அங்கே இருப்பது புத்தரின் பாதம், நமக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாமின் பாதம். ஒரே ஒரு காலடிக்கு இத்தனை சொந்தக்காரர்கள். அந்த வரிசையில் புதிதாக இன்னொருவனும் சேர்ந்துவிட்டான் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறேன். போன சனிக்கிழமை வரை அந்த மலையைப் பற்றி இங்கே ஒரே ஒருவனிடம்தான் வாய் திறந்திருந்தேன். அவன் பெயர் வசந்தன்.

வசந்தன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சூடான ஈரக்காற்று. லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் அப்வாஷ், அதாவது பாத்திரம் கழுவும் பகுதி, எங்கள் இருவருடைய ராஜ்யம். நான் எச்சில் தட்டுகளை அடுக்கி உள்ளே தள்ளுவேன், அவன் மறுபக்கம் நின்று சுடச்சுட எடுப்பான். அவன் பருத்தித்துறைக்காரன். பனைமரத்தைவிட உயரமான எதையும் பார்க்காமல் வளர்ந்தவன். நான் யார் என்பதுதான் சிக்கல்.

நான் மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு வடக்கே வவுனியாவுக்குப் போய்க் குடியேறிய குடும்பம். இங்கே வந்தபோது, பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவரான நம் சனம் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்றுதான். வவுனியா என்பேன். பொய்யில்லை, பாதி உண்மை. மலைநாடு என்று சொன்னால் முகங்களில் என்ன நடக்கும் என்பதை அகதி முகாமில் இரண்டொரு தடவை பார்த்திருந்தேன். "ஓ, தோட்டத்து ஆக்களோ" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்பதற்கு என்ன பதில் சொல்வது? ஆறே மாதத்தில் பேச்சை மாற்றிக்கொண்டேன். "என்று" போய் "எண்டு" வந்தது, "வாரேன்" போய் "வாறன்" வந்தது. என் யாழ்ப்பாணத் தமிழில் பிழை பிடிக்க முடியாது என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருக்கிறது.

இந்த நாட்டு ஹோட்டல் வேலையில் சிம்மர்ஷ்டுண்ட என்று ஒன்று உண்டு. மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும் வரைக்குமான மூன்று மணி நேர இடைவெளி. வீட்டுக்குப் போய் வர நேரம் போதாது, சும்மா இருக்கவோ அதிகம். நாங்கள் ஏரிக்கரை வாங்கில் போய் உட்காருவோம். எதிரே பிலாத்துஸ் மலை நிற்கும். உச்சிவரை பல்சக்கர ரயில் போகும், மேலே உணவகமும் உண்டு. இந்த நாட்டில் மலைக்குப் போகிறவர்கள் பசியோடு இறங்கி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஒருநாள் வசந்தன் வாயைப் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டே, "மச்சான், மலை எண்டா இதுதான்ரா!" என்றான்.

"போடா, இதெல்லாம் ஒரு மலையா?" என்று என் வாயிலிருந்து வந்தது. எஸ்டேட் வாய் அது, ஒரு வருடமாகப் பூட்டி வைத்திருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பிடிபட்டுவிட்டேன். பிடிபட்டபிறகு மறைப்பானேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அதற்கு முன் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

"நான் மலைநாடு எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை."

"அம்மாவாணச் சொல்ல மாட்டன்ரா."

அந்த வருடம் முழுக்க எங்கள் சிம்மர்ஷ்டுண்ட அந்த மலையிலேயே கழிந்தது. டிசம்பர் போயா என்கிற பௌர்ணமி பிறந்தால் வைகாசி வரைக்கும் மலையில் விளக்குத் தொடர் எரியும், அதை எங்கள் லயத்து வாசலில், தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு வாசலில், நின்றே பார்க்கலாம் என்று சொன்னேன். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் ஒரு பருவத்தில் கூட்டம் கூட்டமாக மலையை நோக்கிப் பறக்கும், அவை பாதத்தைக் கும்பிட்டுச் சாகப் போகின்றன என்பார்கள் என்று சொன்னேன். நாலு பக்கமும் ஆறுகள் அந்தக் காட்டிலிருந்துதான் பிறக்கின்றன. மகாவலியும் களனியும் எங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீரில் தொடங்குகின்றன என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். சிவப்பாகப் பூக்கும் காட்டு மரங்கள், கால்விரல் இடுக்கில் ஏறும் அட்டைகள், குளிரில் உடம்பு நீலம் பாரிக்கும் சீத கங்குல ஆற்றுக் குளிப்பு, முதல் தடவை ஏறுகிறவர்கள் வழியில் ஊசியில் நூல் கோத்து இழுத்துக்கொண்டு போவது, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நல்ல கேள்விக்காரன். "பிறகு?" என்று கேட்பதில் அவனுக்கு நிகரில்லை. எவனாவது உங்களிடம் அவ்வளவு அக்கறையாகப் "பிறகு?" என்று கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும், அதுதான் வழக்கம். முதல் தடவை வந்தவன் ஒன்று. ஏழாம் தடவை வந்தவன் ஏழு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மணிக்குப் பக்கத்தில் யாரும் நின்று எண்ணுவதில்லை. ஆனாலும் அங்கே பொய் மணி அடிக்க யாருக்கும் கை வராது.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் நானுமாகப் போனோம். மற்றவர்கள் இரவில் ஏறிச் சூரிய உதயம் பார்ப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதனால் விடிந்தபிறகு ஏறினோம். மேலே போய்ச் சேரும்போது நடுப்பகல், சுற்றிலும் வெள்ளை மேகம், கைக்கெட்டிய தூரம்கூடத் தெரியவில்லை. விடியலில் மலையின் நிழல் முக்கோணமாக விழும் என்கிறார்களே, அதை நான் பார்த்ததேயில்லை. பாதத்தைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய காலுக்குச் சிவன் எங்கே செருப்பு வாங்குவார் என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது.

அம்மா மேலே வரவில்லை. கடைசிப் படிகள் செங்குத்தாக நிமிரும் இடத்தில், இரும்புக் கைப்பிடியைப் பற்றியபடி உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. அவளுக்கு இதயத்தில் ஓட்டை என்று பின்னால்தான் தெரிந்தது. "எனக்கும் சேத்து கும்புட்டுட்டு வாங்க" என்று எங்களை அனுப்பினாள். அப்பா ஐந்து தடவை மணி அடித்தார். நான் ஒன்று அடித்தேன். பிறகு கயிற்றை விடாமல் இன்னொன்றும் அடித்தேன்.

அப்பா முதுகில் ஒன்று வைத்தார். "ஏறாதவளுக்கு ஏன்டா அடிச்ச?" என்றார். சுற்றி நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. கீழே அம்மாவிடம் வந்தோம். என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது, எண்ணியும் இருக்கிறாள். அடுத்த சீசன் வருவதற்குள் அவள் இல்லை.

இதை வசந்தனிடம் சொல்லும்போது நான் ஒரு வேலை செய்தேன். அம்மாவைப் படிகளில் உட்கார வைத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. ஏரிக்கரை வாங்கில் இருந்தபடி அவளை மேலே ஏற்றிவிட்டேன். அவள் தன் கையாலேயே மணி அடித்தாள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பிடித்துப்போய், கயிற்றை இழுத்த வேகத்தில் அவளுடைய பச்சைக் கண்ணாடி வளையல் உடைந்து கல்லில் சிதறியது என்றும் சேர்த்தேன். அம்மா வாழ்நாளில் கண்ணாடி வளையல் போட்டதில்லை. கொழுந்து பறிக்கிற கையில் அது நிற்காது. வசந்தனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் கண் கலங்கிப் போனான், அன்று எனக்குப் பதிலாக அடிப்பிடித்த சட்டிகளை எல்லாம் அவனே தேய்த்தான்.

இரண்டு வருடத்தில் நான் பேர்ணுக்கு வேலை மாறினேன், கல்யாணம் ஆனது. மனைவி யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரி. அவளுக்கு என் ஊர் உண்மையில் எது என்று தெரியும், தெரியாத மாதிரி இருக்கத் தெரிந்த பெருந்தன்மைக்காரி. அவளுடைய வீட்டாருக்கு இன்றுவரை நான் வவுனியா மாப்பிள்ளைதான். மகள் மேகலாவுக்கும் அப்படியே சொல்லி வளர்த்தோம். வசந்தனோடு முதலில் தொலைபேசி, பிறகு வருடப்பிறப்புக்கு வாழ்த்து, பிறகு அதுவும் இல்லை. அவன் டொய்ச் நன்றாகப் படித்துவிட்டான், வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குச் சுற்றுலா போகிறான் என்று யாரோ சொன்னார்கள். கெட்டிக்காரன், நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்தேன்.

போன மாதம் மேகலா ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்தாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகப் பயிற்சி எடுக்கிறாள். வகுப்பில் உலகத்து மலைகள் பற்றிப் பாடம் நடத்த வேண்டுமாம். "அப்பா, எங்கட நாட்டு மலை பற்றி ஒரு தமிழ் அங்கிள் பேசுறாராம். நீங்களும் வாங்கோவன்" என்றாள். படத்தில் நரைத்த தாடியோடு வசந்தன். எனக்குச் சந்தோஷப் புழுகம் தாங்கவில்லை. என் பழைய கூட்டாளி, ஒன்றாய்ச் சட்டி கழுவினோம் என்று ரயிலில் அவளுக்குப் பெருமை பேசிக்கொண்டே போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது, பெரும்பாலும் ஓய்வுபெற்ற சுவிஸ்காரர்கள். திரையில் மலை வந்தது, அதன் முக்கோண நிழலும் வந்தது. அழகான நிழல்தான். வசந்தன் அருமையாகப் பேசினான். ஆறுகள் பற்றி, காடு பற்றி, ஒரே பாதத்தை நாலு மதத்தவர் கும்பிடுவது பற்றி. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவன் விளக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டு, "நான் அந்த மலையின் அடியில் பிறந்தவன்" என்றான்.

முதலில் எனக்குத்தான் டொய்ச் விளங்கவில்லை என்று நினைத்தேன். அவன் தொடர்ந்தான். லயத்து வாசலில் நின்று விளக்குத் தொடரைப் பார்த்ததைச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு ஏறியதைச் சொன்னான். வழியில் களைத்துப்போய் இன்னும் எவ்வளவு தூரம் என்று அம்மாவிடம் கேட்டானாம். அம்மா சொன்ன பதிலை மைக்கில் முதலில் தமிழிலேயே சொன்னான்: "கேக்காத சாமி. கேட்டா மலை வளந்துரும்."

என் அம்மாவின் சொல் அது. ஏரிக்கரை வாங்கில் நான் சொல்லிக் காட்டிய மாதிரியே, அவள் இழுக்கிற இழுப்போடு. பருத்தித்துறைக்காரனின் வாயில் அது வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு டொய்ச்சில் சொன்னான், மண்டபம் நெகிழ்ந்து சிரித்தது, என் மகளும் சிரித்தாள். அடுத்து உச்சி, அடுத்து மணி. அவனுடைய அம்மா தன் கையால் மணி அடித்தாளாம். பச்சை வளையல் உடைந்து கல்லில் சிதறியதாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிஜமாகவே நடந்த ஒன்றை அவன் சொல்லியிருந்தால், அவனுக்கும் அப்படி ஏதோ நடந்திருக்கலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருப்பேன். அந்த வளையல் உலகத்தில் எந்தத் தாயின் கையிலும் இருந்ததில்லை. என் வாயில் மட்டுமே இருந்தது. முன்வரிசையில் ஒரு கிழவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். மேகலாவும் என் தோளில் சாய்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

முடிந்ததும் அவன் என்னைக் கண்டுகொண்டான். ஓடிவந்து கட்டிப்பிடித்து, "டேய் மச்சான்!" என்றான். சுற்றி நின்ற சுவிஸ்காரர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினான். என் பழைய நண்பன், வவுனியா, சமதரைக்காரன், இவனுக்கு முதன்முதலில் மலை காட்டியதே நான்தான் என்றான். எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். வேறென்ன செய்ய, மகள் பக்கத்தில் நிற்கிறாளே.

அவள் கழிப்பறைக்குப் போன நேரத்தில் கோட்டுகள் தொங்கவிடும் மூலையில் அவனை மடக்கினேன். "என்னடா செய்துவைச்சிருக்கிறாய்?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "என்ர கதையைச் சொன்னா ஒருத்தரும் இருந்து கேக்க மாட்டினம் மச்சான். ஷெல்லும் சாவும்தான். முதல் ரெண்டு தரம் சொல்லிப் பாத்தன், எழும்பிப் போட்டினம்."

"அதுக்கு என்ர அம்மாவை எடுப்பியோ?"

"நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே. சும்மாதானே கிடந்தது."

அவன் குரலைத் தாழ்த்தி, உண்மையிலேயே புண்பட்டவனாக, "நீதானே சத்தியம் வாங்கினனி? இண்டைக்கும் காப்பாத்தினன். நீ மலைநாடு எண்டு நான் வாய் திறந்தனோ?" என்றான். பிறகு, "நான் பதினொரு தரம் ஏறிட்டன்ரா. பதினொரு தரம் மணி அடிச்சிருக்கிறன். நீ ஒரு தரம்" என்றான்.

கணக்கு சரிதான். அவன் பதினொன்று, நான் ஒன்று. நான் அடித்த இரண்டாவது மணியை அவனிடம் சொன்னதேயில்லை. அது மட்டும் தப்பியது.

திரும்பும் ரயிலில் மேகலா சன்னலோரம் இருந்தாள். "பாவம் அந்த அங்கிள். என்ன வடிவான அம்மா அவருக்கு. நான் அந்தக் கதையைப் பிள்ளையளுக்குச் சொல்லப்போறன்" என்றாள்.

"பிள்ளை, அது என்ர அம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். பேர்ண் வரும்வரை சொன்னேன். லயத்தைச் சொன்னேன், வவுனியாவுக்குப் போனதைச் சொன்னேன், கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்துவிட்ட அம்மாவைச் சொன்னேன், முதுகில் விழுந்த அடியைச் சொன்னேன். வளையல் பொய் என்றும் சொன்னேன். நம்பினாளா என்றால், நம்பினாள். ஆனால் நான் சொல்லிய ஒவ்வொன்றும் அவளுக்கு இரண்டாவது தடவை. லயத்து வாசல் என்றதும் "ஓம், லைட்டெல்லாம் தெரியுமாம்" என்கிறாள். வண்ணத்துப்பூச்சி என்றதும் தலையாட்டுகிறாள். என் சின்ன வயது என் மகளுக்கு, ஏற்கெனவே வேறொருவர் நன்றாகச் சொல்லிவிட்ட கதை.

"ஏனப்பா எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று கேட்டாள். வசந்தன் எடுத்தது நான் கீழே போட்டதைத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் செய்தது துரோகம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கான கதவை முப்பது வருடமாகத் திறந்து வைத்திருந்தவன் நான்.

இறங்குவதற்கு முன் அவள் என் கையைப் பிடித்து, "அப்பம்மா என்னெண்டு கதைப்பா? அவவைப் போல ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ" என்றாள்.

நாங்கள் இருந்த லயத்தை இடித்துத் தேயிலை நட்டாயிற்று என்று கேள்வி. ஹோட்டலின் அப்வாஷ் இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறதாம். அப்பா போய்விட்டார். இவை போனதைத் தாங்கிக்கொண்டேன், யாருக்குத்தான் போகவில்லை? அம்மாவென்று எனக்கு மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அவளுடைய புகைப்படம்கூட எங்களிடம் கிடையாது. நான் கண்ணை மூடி அவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். படி தெரிந்தது, மேகம் தெரிந்தது, கைப்பிடியைப் பற்றியிருக்கும் அவளுடைய கை தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். மைக்கில் வசந்தன் பேசினான்.